யாரடி நீ மோகினி (1958 திரைப்பாடல்)

‘யாரடி நீ மோகினி’ என்பது 1958ஆம் ஆண்டு வெளிவந்த ‘உத்தம புத்திரன்’ திரைப்படத்தில் இடம்பெற்ற பாடலாகும். ராக் அண்ட் ரோல் இசையின் சாயலில் தமிழில் உருவான தொடக்ககாலப் பாடல்களுள் இதுவும் ஒன்று. ஜி. ராமநாதன் இசையில் டி. எம். சௌந்தரராஜன் பெண் குரல்களுடன் இணைந்து இதைப் பாடினார். திரையில் சிவாஜி கணேசனும் ஹெலனும் ஆடினர்.

பின்னணி

1950களின் நடுவில் அமெரிக்காவில் பில் ஹேலி, எல்விஸ் பிரெஸ்லி ஆகியோரால் ராக் அண்ட் ரோல் பரவியது. நான்கு தட்டுகள் கொண்ட தாளத்தில் இரண்டாம், நான்காம் தட்டுகளை அழுத்தி ஒலிப்பது இதன் அடையாளம். இந்தியத் திரையிசையிலும் இதன் தாக்கம் விரைவில் தெரிந்தது. ‘ஆஷா’ (1957) என்ற இந்திப் படத்தில் சி. ராமச்சந்திரா இசையமைத்த ‘ஈனா மீனா டீகா’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

ஜி. ராமநாதன் கருநாடக இசை தழுவிய மெட்டுகளுக்குப் பெயர் பெற்றவர். ‘அம்பிகாபதி’ (1957), ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959) ஆகிய படங்களுக்கு இசை தந்த அவரே இந்தத் துள்ளல் பாட்டையும் அமைத்தார்.

கதையில் பாடலின் இடம்

டி. பிரகாஷ் ராவ் இயக்கிய இப்படத்தில் சிவாஜி இரட்டை வேடம் ஏற்றார். பார்த்திபன் நல்லவன், அரண்மனையில் வளரும் விக்கிரமன் கேளிக்கையில் மூழ்கியவன். ஆட்சி அதிகாரத்தைத் தன் கையில் வைத்துக்கொள்ள விரும்பும் தாய்மாமன் அவனை அப்படி வளர்க்கிறான். இவ்வேடத்தில் எம். என். நம்பியார் நடித்தார். விக்கிரமனின் பொறுப்பின்மையைக் காட்டவே இந்த ஆட்டம் வருகிறது.

நிலைத்த ஈர்ப்பு

தீயவனின் கேளிக்கையாக வைக்கப்பட்ட பாடலையே மக்கள் கொண்டாடினர். அரசர் காலக் கதையில் மேனாட்டு ஆட்டம் பொருந்தாது என்று குறை கூற இடமுண்டு. ஆனால் அந்தப் பொருத்தமின்மையே புதுமையாகவும் அமைந்தது. ஆண் குரல் அழைக்கப் பெண் குரல்கள் பதில் தரும் அமைப்பும், கைத்தட்டலும், வேக மாற்றங்களும் கேட்பவரையும் தாளம் போட வைக்கின்றன. சிவாஜியின் மிடுக்கான நடையும் குறும்புச் சிரிப்பும் இதற்குத் துணை நின்றன. நல்லவனாக நடிக்கும்போது காட்ட முடியாத சுதந்திரத்தை விக்கிரமன் வேடம் அவருக்குத் தந்தது. கதையின் நீதியை மறந்தவர்களும் அந்த உற்சாகத்தை மறக்கவில்லை.

பிற்காலத் தாக்கம்

பாடலின் முதல் அடி, 2008இல் தனுஷ், நயன்தாரா நடித்த படத்திற்குத் தலைப்பானது. அதை இயக்கிய மித்ரன் ஜவகரே 2010இல் தனுஷை வைத்து ‘உத்தமபுத்திரன்’ என்ற படத்தையும் எடுத்தார். 2017இல் ஒரு தொலைக்காட்சித் தொடருக்கும் ‘யாரடி நீ மோகினி’ என்ற பெயர் சூட்டப்பட்டது. பழைய படத்தைப் பார்க்காத தலைமுறையினரிடமும் அந்த மூன்று சொற்கள் இவ்வாறு புழக்கத்தில் உள்ளன.