அபின்வகை வலிநீக்கிகளால் ஏற்படும் மலச்சிக்கல்

அபின்வகை வலிநீக்கிகளால் ஏற்படும் மலச்சிக்கல் என்பது மார்ஃபின், கோடீன், ஆக்சிகோடோன், ஃபென்டனில் முதலிய மருந்துகளைப் பயன்படுத்துவோருக்குக் குடல் இயக்கம் குறைவதால் உண்டாகும் பக்கவிளைவு ஆகும். புற்றுநோய் வலிக்கும், மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் சிலவகை நாட்பட்ட வலிக்கும் இம்மருந்துகள் வழங்கப்படுகின்றன. மலச்சிக்கலைத் தாங்க இயலாத நோயாளிகள் சிலர் மருந்தின் அளவைத் தாமாகவே குறைத்துக்கொண்டு வலியைப் பொறுத்துக்கொள்கின்றனர். ஆகவே இதைத் தடுப்பது வலிச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கருதப்படுகிறது.

காரணம்

அபின்வகை மருந்துகள் மியூ ஏற்பிகள் எனப்படும் புரதங்களுடன் இணைந்து செயற்படுகின்றன. இவ்வேற்பிகள் மூளை, தண்டுவடம் ஆகியவற்றில் மட்டுமன்றிக் குடற்சுவரின் நரம்புப் பின்னலிலும் உள்ளன. மூளையிலும் தண்டுவடத்திலும் வலியுணர்வைக் குறைக்கும் அதே மருந்து குடலில் பின்வரும் மாற்றங்களை ஏற்படுத்துகிறது:

- இரைப்பையிலிருந்து உணவு வெளியேறுவது தாமதமாகிறது.
- உணவை முன்னோக்கித் தள்ளும் அலையியக்கம் தளர்கிறது.
- குடற்சுரப்பு குறைந்து, நீர் கூடுதலாக உறிஞ்சப்படுவதால் மலம் இறுகுகிறது.
- குதச் சுருக்குத்தசை எளிதில் தளர்வதில்லை.

மருந்தைத் தொடங்கும்போது தோன்றும் குமட்டலும் மயக்கமும் பெரும்பாலும் சில நாட்களில் தணிந்துவிடும். உடல் அவற்றுக்குப் பழகிக்கொள்வதே இதற்குக் காரணம். மலச்சிக்கலுக்கோ உடல் அவ்வாறு பழகுவதில்லை. மருந்து தொடரும்வரை அதுவும் தொடரக்கூடும்.

இதே பண்பு வயிற்றுப்போக்கைக் கட்டுப்படுத்தவும் பயன்படுகிறது. லோபெரமைடு என்னும் மருந்தும் மியூ ஏற்பிகளிலேயே செயற்படுகிறது. வழக்கமான அளவில் அது மூளையைப் போதிய அளவு சென்றடையாததால் வலியை நீக்குவதில்லை.

தடுப்பும் சிகிச்சையும்

மலச்சிக்கல் தோன்றும்வரை காத்திராமல், வலிநீக்கியைத் தொடங்கும்போதே மலமிளக்கியையும் தருவது பொதுவான நடைமுறை ஆகும். நீர் அருந்துதலும் இயன்ற அளவு நடமாடுதலும் உதவும். ஆயினும் அவை மட்டும் பெரும்பாலும் போதுவதில்லை.

குடலசைவைத் தூண்டும் மருந்துகளுள் சென்னா, பிசாகோடைல் ஆகியவை முக்கியமானவை. தமிழில் நிலவாகை எனப்படும் செடியே சென்னா ஆகும். திருநெல்வேலிப் பகுதியில் பயிரிடப்படுவதால் இதன் ஒரு வகை உலகச் சந்தையில் அவ்வூரின் பெயராலேயே அறியப்படுகிறது. லாக்டுலோசு, பாலிஎத்திலீன் கிளைக்கால் ஆகியவை குடலில் நீரைத் தக்கவைத்து மலத்தை இளக்குகின்றன. இசப்கோல் போன்ற நார்ப்பொருட்கள் மலத்தின் பருமனைக் கூட்டுபவை. குடல் தளர்ந்த நிலையில், போதிய நீரின்றி அவற்றை உட்கொண்டால் அடைப்பு ஏற்படக்கூடும் என்பதால் இவ்வகை மலச்சிக்கலுக்கு அவை பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

குடலில் மட்டும் செயற்படும் எதிர்மருந்துகள்

நால்ட்ரெக்சோன் என்னும் எதிர்மருந்து மியூ ஏற்பிகளை அடைத்துவிடும். ஆனால் அது மூளையையும் அடைவதால் வலி நிவாரணத்தையும் சேர்த்து நீக்கிவிடுகிறது. 1970களின் இறுதியில் சிகாகோ பல்கலைக்கழக மருந்தியலாளர் லியோன் கோல்ட்பெர்க், புற்றுநோயால் வருந்திய தம் நண்பர் ஒருவர் மலச்சிக்கலுக்கு அஞ்சி மார்ஃபினைத் தவிர்த்ததைக் கண்டு இச்சிக்கலை ஆராய்ந்தார். நால்ட்ரெக்சோனுடன் ஒரு மீத்தைல் தொகுதி சேர்க்கப்படும்போது மூலக்கூறு மின்னேற்றம் பெறுகிறது. அதனால் அது குருதி-மூளைத் தடுப்பை எளிதில் கடப்பதில்லை. இவ்வாறு உருவான மீத்தைல்நால்ட்ரெக்சோன் 2008 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நலாக்செகால் 2014 இலும் நால்டெமிடின் 2017 இலும் ஒப்புதல் பெற்றன. மலமிளக்கிகள் பயனளிக்காதபோது இவை கருதப்படுகின்றன. குடலடைப்பு உள்ளோருக்கு இவை தரப்படுவதில்லை.

எச்சரிக்கை

கடும் வயிற்றுவலி, வயிற்று உப்புசம், தொடர்ந்த வாந்தி, காற்றும் பிரியாத நிலை ஆகியன குடலடைப்பின் அறிகுறிகளாக இருக்கலாம். உடனடி மருத்துவ உதவி தேவை. நாட்பட்ட பயன்பாட்டில் சிலருக்கு மருந்தே வயிற்றுவலியைக் கூட்டுவதுண்டு. அந்நிலையில் அளவை மேலும் உயர்த்துவது வலியை மோசமாக்கக்கூடும். நெடுநாள் பயன்படுத்திய அபின்வகை மருந்தைத் திடீரென நிறுத்தினால் விலகல் அறிகுறிகள் தோன்றும் என்பதால், மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாகவே அது குறைக்கப்பட வேண்டும்.