வழுத்தாங்கு மென்பொருள்

பழுதுறாப் பொருள் உலகில் இல்லை. பழுது நேர்ந்தவிடத்தும் தன் கடமையிற் பிறழாது நிற்பதே நல்ல அமைப்பின் இலக்கணமாகும். பல கணினிகள் ஒரு பணியைப் பகிர்ந்து செய்யுமிடத்து, அவற்றுள் ஒன்று கெடினும் பணி கெடாதவாறு அமைக்கப்பெறுவது வழுத்தாங்கு மென்பொருள் எனப்படும். ஓரிடத்தில் நிலைத்திருக்கும் கணினிகளுக்கே இஃது அரிது. இடம்பெயர்ந்து திரியும் கையடக்கத் தொலைபேசிகளும் அவற்றோடு சேருமாயின் அருமை பன்மடங்காகும்.

ஓர் எடுத்துக்காட்டினை நோக்குவோம். பண்டத்தரிப்பிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பஸ் வண்டியிலிருந்து தாயொருத்தி, வெளியூரிற் கற்கும் மகனுக்குத் தொலைபேசி வாயிலாக ஐயாயிரம் ரூபா அனுப்புகின்றாள் என்க. வண்டி ஓடுந்தோறும் தொலைபேசி ஒரு கோபுரத்தை விட்டு மற்றொன்றைப் பற்றுகின்றது. அவ்வேளையில் தொடர்பு அறுகின்றது, மறுமொழி வரவில்லை. கட்டளை வங்கியை அடையுமுன் அறுந்ததா, அன்றி அடைந்தபின் மறுமொழி வரும் வழியில் அறுந்ததா? தொலைபேசி அதனை அறியமாட்டாது. மீள அனுப்பாதுவிடின் மகனுக்குப் பணம் சேராதொழியலாம். அனுப்பின் பத்தாயிரம் ரூபா கழிந்துவிடலாம். இந்த ஐயமே இத்துறையின் தலையாய இடர்.

இதனைத் தீர்க்கும் வழி எளிது. ஒவ்வொரு கட்டளைக்கும் தனி இலக்கம் ஒன்று இடப்பெறும். மீள அனுப்பும்போதும் அவ்விலக்கமே செல்லும். முன்னரே நிறைவேறிய இலக்கமாயின் வங்கிக் கணினி பணத்தை மறுபடி கழியாது, பழைய விடையையே திரும்ப அளிக்கும். ஆகவே எத்தனை முறை அனுப்பினும் பயன் ஒன்றே.

வங்கிக் கணினியே இடையில் நின்றுவிடின் யாது செய்வது? கணக்கை மாற்றுமுன், மாற்றப்போவதை அழியாக் குறிப்பேட்டிற் பதிந்துகொள்ளல் வேண்டும். மீண்டெழும் கணினி அவ்வேட்டை வாசித்து, முடிந்தவற்றை நிலைநிறுத்தி, முடியாதவற்றை நீக்கும். இம்முறையைச் செம்மைசெய்த 'ஏரிஸ்' என்னும் நெறி 1992 இல் வெளியாயிற்று. அதன் முதன்மை ஆசிரியர், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1977 இற் பட்டம் பெற்ற தமிழ்நாட்டவராகிய சி. மோகன் ஆவார். அக்கழகத்திலேயே 1965 இற் பட்டம் பெற்ற மணி சாண்டி, லெஸ்லி லாம்போட் என்பவருடன் கூடி, ஓயாது இயங்கும் பல கணினிகளின் ஒட்டுமொத்த நிலையை அவற்றை நிறுத்தாமலே பதிவுசெய்யும் முறையை 1985 இல் வெளியிட்டார்.

குறிப்பேடும் அழியலாமன்றோ? ஆதலின் அதன் படிகள் மூன்று கணினிகளில் வைக்கப்பெறும். இரண்டிலேனும் பதிவான பின்னரே கட்டளை ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும். ஒன்று அழியினும் எஞ்சிய இரண்டனுள் ஒன்றிலேனும் அப்பதிவு இருந்தே தீரும்.

இவையனைத்திற்கும் அடிப்படை ஒன்றே. மாறும் சூழலில் மௌனத்தை மறுப்பென்றும் கொள்ளலாகாது, உடன்பாடென்றும் கொள்ளலாகாது. தொடர்பு அறுதலை என்றோ நேரும் விபத்தாகக் கருதாது, நாள்தோறும் நிகழும் இயல்பாகக் கருதியே மென்பொருள் வகுக்கப்பெறல் வேண்டும். இதனைக் கற்கும் மாணவர், தாம் வகுத்தது இயங்குகின்றதா என்று பார்ப்பதோடு அமையாது, ஒவ்வொரு படியிலும் இடையே அறுந்தால் யாது நிகழும் என வினாவுதல் வேண்டும். எளியோர் அரிதின் ஈட்டிய பொருள் அவ்வினாவின் விடையிலேயே தங்கியுள்ளது.