நீர்மூழ்கிக் கப்பலும் அதன் மாதிரி உருவமும்

சிறுவர் உருட்டி மகிழும் சிறுதேருக்குச் சக்கரங்கள் உருண்டாற் போதும். அது பெருந்தேரை அளவாலும் வடிவாலும் ஒத்திருத்தல் வேண்டும் என்று எவரும் கேளார். மாதிரி உருவம் அத்தகைய விளையாட்டுப் பொருளன்று. மூலப் பொருளின் உறுப்புகள் அனைத்தையும் ஒரே விகிதத்தில் சுருக்கிக் காட்டுவது அது. 72 அடி நீளமுள்ள பகுதி மாதிரியில் ஓர் அடியாகுமெனின், 72 அங்குல அகலமுள்ள பகுதியும் ஓர் அங்குலமாகவே சுருங்குதல் வேண்டும். கப்பல்களுக்கு இத்தகைய மாதிரிகளை அமைப்போர் பல நாடுகளில் உளர். அவர்களுள் நீர்மூழ்கிக் கப்பலை மேற்கொள்பவர்க்குத் தனிப்பட்ட இடர்ப்பாடு ஒன்று உண்டு.

நீர்மூழ்கிக் கப்பல் துறைமுகத்தில் மிதக்கும்பொழுது, அதன் முதுகும் நடுவே எழுந்து நிற்கும் சிறு கோபுரமுமே கண்ணுக்குப் புலனாகும். நிழற்படங்களும் பெரும்பாலும் அவற்றையே காட்டும். எஞ்சிய பெரும்பகுதி நீருக்குள் மறைந்திருக்கும். கப்பலை உந்துவனவும், திருப்புவனவும், மூழ்கச் செய்வனவும் ஆகிய உறுப்புகள் அம்மறைந்த பகுதியிலேயே அமைந்துள்ளன. காணாத அப்பகுதியைக் கற்பனையால் நிரப்பிவிடுதல் எளிது. ஆயினும் அது பிழைக்கு வாயிலாகும்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி நாட்டினர் பயன்படுத்திய ‘யூ-995’ என்னும் கப்பலை இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 1943ஆம் ஆண்டில் ஹாம்பர்க் நகரிற் கட்டப்பட்ட இது, போருக்குப்பின் நார்வே நாட்டின் கடற்படையிற் பணியாற்றியது; 1965இல் ஜெர்மனிக்குத் திரும்பியது. 1972 முதல் கீல் நகரை அடுத்த லாபே என்னும் ஊரில், கடற்கரை மணலின்மேல் நிறுத்தப்பட்டுக் காட்சிப் பொருளாக விளங்குகின்றது. ஏறத்தாழ 67 மீட்டர் நீளமுள்ள இக்கப்பலின் அடிப்பகுதி முழுவதையும் சுற்றி வந்து காணலாம். 72இல் ஒரு பங்காகச் சுருக்கின் இதன் மாதிரி ஏறத்தாழ 93 சென்டிமீட்டர் நீளமிருக்கும்.

இக்கப்பலின் பக்கங்களில் நீண்ட துளைகள் பல வரிசையாகக் காணப்படும். அவை அழகிற்காக அமைந்தனவல்ல. நீரின் அழுத்தத்தைத் தாங்கும் வலிய உள்ளுடலின்மேல் மெல்லிய தகடுகளாலாகிய புறக்கூடு ஒன்று உண்டு. கப்பல் மூழ்கும்போது அக்கூட்டினுள் நீர் விரைந்து புகுதல் வேண்டும். காற்று தங்கிவிடின் கப்பல் மூழ்கத் தாமதிக்கும். பகை விமானம் தலைக்குமேல் வரும் வேளையில் அத்தாமதம் உயிருக்கே இறுதியாகும். ஆதலின் நீர் புகவும், கப்பல் எழும்போது வடியவும் அத்துளைகள் அமைக்கப்பட்டன. ஒரே வகைக் கப்பலாயினும், கட்டிய தளத்திற்கேற்பவும் காலத்திற்கேற்பவும் துளைகளின் வரிசை வேறுபடும். இதனை அறிந்தோர், பிளாஸ்டிக் மாதிரிகளில் வெறும் பள்ளங்களாக அமைந்த துளைகளை உளியாலும் அரத்தாலும் திறந்து, உட்புறத்தைச் சுரண்டி, விளிம்பினைத் தகட்டைப்போல் மெலிதாக்குவர்.

‘அமரம்’ எனப்படும் பின்பகுதியில் உந்துவிசிறிகள் இரண்டும், அவற்றின் பின்னே சுக்கான்கள் இரண்டும் உள்ளன. விசிறிகள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையிற் சுழல்வன. இரண்டும் ஒரே பக்கம் சுழலின் கப்பல் ஒரு புறமாக இழுக்கப்படும். ஆகவே ஒன்றன் இதழ்கள், கண்ணாடியில் தோன்றும் மற்றொன்றன் நிழலைப்போல் வளைந்திருத்தல் வேண்டும். இதனை மறந்து ஒரே வகை விசிறியை இருபுறமும் பொருத்துவோரும் உளர்.

நேரிற் காண்பதும் சில வேளைகளில் மயக்கம் தரும். லாபேயிற் காண வருவோர் உட்சென்று திரும்புவதற்காகக் கப்பலின் உடலில் வாயில்கள் வெட்டப்பட்டுள்ளன. கடலிற் சென்ற நாளில் அவை இல்லை. கண்டது யாதாயினும், அது ஏன் அங்கு உள்ளது என வினவுவோரே மாதிரியில் அவ்வாயில்களை விலக்குவர்.

மூலக் கப்பலே கடலடியிற் கிடப்பின் யாது செய்வது? அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்னாட்டார் அமைத்த ‘ஹன்லி’ என்னும் நீர்மூழ்கிக் கப்பலின் வரலாறு இதற்கு விடை கூறும். எழுவர் கையாற் சுழற்ற, ஒருவர் செலுத்த இயங்கிய அச்சிறு கப்பல், 1864ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் இரவில் சார்ல்ஸ்டன் நகருக்கு அப்பால் ‘ஹௌசடோனிக்’ என்னும் போர்க்கப்பலை மூழ்கடித்தது. போரில் பகைக் கப்பலை முதன்முதல் மூழ்கடித்த நீர்மூழ்கிக் கப்பல் அதுவே. ஆயினும் அதுவும் தன்னுள் இருந்த எண்மருடன் கரை திரும்பவில்லை.

அதனை அமைப்பதில் ஈடுபட்ட ஒருவர் ஏறத்தாழ நாற்பதாண்டுகளுக்குப்பின் நினைவிலிருந்து வரைந்த படங்களையே மாதிரி அமைப்போர் நெடுங்காலம் நம்பினர். பழைய கொதிகலனை மாற்றிச் செய்த பருவுடலாக அதனைக் கருதினர். வெடிமருந்தைத் தாங்கும் கழியை, ‘அணியம்’ எனப்படும் முன்பகுதியின் மேற்புறத்திற் பொருத்தினர். வெடிமருந்தைப் பகைக் கப்பலிற் குத்தி நிறுத்தி, பின்வாங்கிச் சென்று, கயிற்றை இழுத்து வெடிக்கச் செய்தனர் என்றும் எண்ணினர்.

1995இற் கண்டறியப்பட்ட அக்கப்பல் 2000ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் நாள் மேலே கொணரப்பட்டது. அதன் உடல், நீரைக் கிழித்துச் செல்லுமாறு இரு முனைகளிலும் ஒடுங்கியிருந்தது. தகடுகளைப் பிணைத்த ஆணிகளின் தலைகள் நீரோட்டத்தைத் தடுக்காதவாறு சமமாக்கப்பட்டிருந்தன. கழியோ அணியத்தின் அடிப்புறத்திற் பொருந்தியிருந்தது. அக்கழியின் நுனியில் வெடிகலத்தின் செப்பு உறை சிதைந்து ஒட்டியிருத்தலை ஆய்வாளர் கண்டு 2013இல் வெளியிட்டனர். 135 இராத்தல் கருமருந்து வெடித்தபோது கப்பல் இருபதடித் தொலைவுக்குள்ளேயே இருந்தது என்பது அதனால் தெளிவாயிற்று. எட்டு மனிதர் தம் இறுதிக் கணத்தில் எங்கிருந்தனர் என்பதை ஒரு கழியின் நுனி உரைத்தது. அவர்களுடைய எஞ்சிய உடற்பகுதிகள் 2004இல் சார்ல்ஸ்டனில் நல்லடக்கம் செய்யப்பட்டன.

மாதிரியில் ஒரு கழியை மேலே வைப்பதும் கீழே வைப்பதும் சிறு வேறுபாடாகவே தோன்றும். ஆயினும் மேலே வைத்த மாதிரி நடவாத ஒன்றை நடந்ததாகக் கூறிற்று. காண்போர் நோக்காத அடிப்பகுதியிலும் உண்மையை நாடி, புதுச் சான்று கிடைத்தவிடத்துத் தம் கைவேலையைத் தாமே திருத்துவோர் நல்ல கைவினைஞராவர். அவர் அமைக்கும் சிற்றுரு, அக்கப்பலிற் சென்றோர்க்குச் செய்யும் மரியாதையும் ஆகும்.