கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் பைகள்

சுற்றுச்சூழலுக்காக அன்றாட வாழ்க்கையை மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொன்னால், இப்போது கையில் கிடைப்பது ஒரு கடைப் பட்டியல்: மூங்கில் டூத்பிரஷ், ஸ்டீல் ஸ்ட்ரா, செம்பு பாட்டில், துணிப்பை. பழக்கத்தை மாற்றச் சொன்னார்கள். நாம் பொருளை மாற்றிக்கொண்டிருக்கிறோம். பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் அலச இங்கே இடமில்லை. நமக்கு மிகவும் பழகிய மஞ்சப்பையை மட்டும் எடுத்துக்கொள்வோம். நம் வீடுகளில் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி இருக்கும். அதில் ஒரு பைக்குள் இன்னொரு பை, அதற்குள் மற்றொன்று என்று கொத்தாகத் தொங்கும். கல்யாணத்தில் கொடுத்த தாம்பூலப் பை, கிரகப்பிரவேசப் பை, கண்காட்சியில் கிடைத்த பை. அடியில் இருக்கும் பையை உதறினால் என்றைக்கோ வாங்கிவந்த தாம்பூலத்தின் வெற்றிலை சருகாக விழும். தேங்காயை எடுத்ததோடு அந்தப் பையின் வேலை முடிந்துவிட்டது. ஒரே ஒரு முறை பயன்பட்ட பை அது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிவதைத்தானே 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக்கில் தடை செய்தோம்? துணியில் அதையே செய்தால் மட்டும் அது எப்படிப் பசுமையாகும்?

பருத்தி ஒன்றும் இலவசமாக வானத்திலிருந்து விழுவதில்லை. ஒரு கிலோ பருத்தித் துணிக்கு உலகச் சராசரியாகச் சுமார் 10,000 லிட்டர் தண்ணீர் தேவை என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. வயலில் பெய்யும் மழையும் இதில் அடக்கம். 100 கிராம் எடையுள்ள பை என்றால் 1,000 லிட்டர். பூச்சிமருந்து, உரம், நூற்பாலைக்கும் தறிக்கும் ஆகும் மின்சாரம் எல்லாம் தனி. மெல்லிய பிளாஸ்டிக் பையோ சில கிராம் எடைதான். இதனால்தான் பிரிட்டனில் 2011-இல் வெளியான ஓர் ஆய்வு, புவி வெப்பமாதலை மட்டும் வைத்துப் பார்த்தாலே, ஒரு பருத்திப் பையை 131 முறையாவது பயன்படுத்தினால்தான் அது ஒருமுறை பயன்படுத்திய பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும் என்று கணக்கிட்டது. டென்மார்க்கில் 2018-இல் வந்த ஆய்வு, பருவநிலை பாதிப்புக்கு 52 முறை என்றது. எல்லா வகைப் பாதிப்புகளையும் எடுத்துக்கொண்டு அவற்றில் மிக மோசமானதை அளவுகோலாக வைத்தபோது 7,100 முறை என்றது. வாரம் ஒரு முறை சந்தைக்கு எடுத்துப் போகிற பைக்கு 131 என்பது இரண்டரை ஆண்டு. அதுவாவது நடக்கக்கூடியது. ஆணியில் தொங்கும் பைக்கு அந்தக் கணக்கு தொடங்கவே இல்லை.

மஞ்சள் நிறத்துக்கும் ஒரு விலை உண்டு. பருத்தியில் சாயம் நன்றாக ஏற வேண்டுமானால் சாயத்தொட்டியில் உப்பைக் கொட்ட வேண்டும். உப்புதான் சாயத்தை நூலை நோக்கித் தள்ளும். அப்படியும் சாயத்தில் ஒரு பகுதி நூலில் ஒட்டாமல் கழிவு நீரோடு வெளியேறும், உப்பு ஏறக்குறைய முழுவதுமே வெளியேறும். நிறத்தைக் கூட ஓரளவு நீக்கிவிடலாம்; கரைந்த உப்பைச் சாதாரணச் சுத்திகரிப்பு தொடவே தொடாது. இது என்ன செய்யும் என்று திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றைக் கேட்டால் தெரியும். அதன் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டி 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கியது. அணையில் தண்ணீர் இருந்தும், அதை எங்கள் நிலத்துக்கு விடாதீர்கள் என்று விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. 2011-இல் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் வட்டாரத்தில் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவை ஆலைகள் மூடப்பட்ட பிறகுதான் ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத முறை கட்டாயமாக நடைமுறைக்கு வந்தது. அதிலும் உப்பு நீரைக் காய்ச்சி ஆவியாக்க விறகோ நிலக்கரியோ எரிய வேண்டும். கடைசியில் மிஞ்சும் கசடை எங்காவது வைத்தாக வேண்டும். பை எந்த ஊரில் சாயமேறியிருந்தாலும் வேதியியல் ஒன்றுதான். வெளுக்காத, சாயமேற்றாத காடாத் துணிப்பை இந்த வகையில் எவ்வளவோ மேல். மஞ்சப்பை மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

அப்படியென்றால் பிளாஸ்டிக் பைக்கே திரும்பிவிடலாமா என்று கேட்பார்கள். கூடாது. அந்த வெளிநாட்டு ஆய்வுகளை நம் ஊருக்கு அப்படியே பொருத்த முடியாது. டென்மார்க்கில் கடைப் பை குப்பைக் கூடைக்கு உறையாகி, பிறகு உலையில் எரிந்து மின்சாரமும் வெப்பமும் தருகிறது. இங்கே அது மழைநீர் வடிகாலை அடைக்கிறது, மாட்டின் வயிற்றில் போய்ச் சுருண்டுகொள்கிறது. மண்ணிலும் கடலிலும் சிதறிக் கிடக்கும் பிளாஸ்டிக்கின் பாதிப்பு அந்த எண்களில் சேரவில்லை. ஆகவே தடை சரியானது, துணிப்பையும் சரியானது. தவறு எண்ணிக்கையில் இருக்கிறது. துணிப்பையின் நன்மை துணியில் இல்லை, திரும்பத் திரும்ப எடுப்பதில் இருக்கிறது. தனிமனிதர் பையை எண்ணிக்கொண்டிருந்தால் பெரிய ஆலைகளின் புகை குறைந்துவிடுமா என்ற கேள்வியும் உண்டு. குறையாதுதான், ஆனால் தேவையில்லாமல் நெய்த பையும் ஓர் ஆலையிலிருந்து வந்ததுதான்.

2022-இல் கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம் வந்தபோது பலரும் வரவேற்றார்கள். பையை மறந்து வந்தவருக்கு அது உதவிதான். ஆனால் வெறுங்கையோடு வந்தாலும் பரவாயில்லை என்ற நினைப்புதான் பிளாஸ்டிக்கை வளர்த்தது. 10 ரூபாயில் அதே நினைப்பு நீடித்தால், ஒவ்வொரு மறதிக்கும் ஒரு புதுப் பை வீட்டுக்கு வரும். முன்பு சந்தைக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டுவதற்கு முன்பே கை பையைத் தேடும். மீட்க வேண்டியது அந்தக் கைப்பழக்கத்தை. இதில் இன்னொரு கவலையும் சேர்ந்துகொள்கிறது: துணி மாதிரியே தெரியும் நான்-ஓவன் பைகள். கூர்ந்து பார்த்தால் அதில் பாவும் ஊடும் இருக்காது. நெய்ததற்குப் பதிலாகப் பொட்டுப் பொட்டாக அழுத்திய அடையாளம் தெரியும். ஓரத்தில் ஒரு நூலை உருவ முயன்றால் வராது. அது பாலிப்ரொப்பிலீன், அதாவது பிளாஸ்டிக்தான். 2019 தடைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட அதையே துணிப்பை என்று நம்பி வாங்குகிறவர்கள் இன்னும் ஏராளம்.

மிக அதிகமாக வீணாவது கல்யாணப் பைதான் என்பது என் எண்ணம். மணமக்களின் பெயர், படிப்பு, தேதி, மண்டபம் எல்லாம் பட்டையாக அச்சடித்த பையை அடுத்த வீட்டுக்காரர் மீன் வாங்க எடுத்துப் போகக் கூச்சப்படுவார். போதாக்குறைக்கு, விலையைக் குறைப்பதற்காகச் சல்லாத் துணியில் ஒற்றைத் தையல் போட்டிருப்பார்கள். இரண்டு கிலோ வெங்காயத்துக்கே காது பிய்ந்துவிடும். 300 பேருக்கு 300 பை கொடுத்து, அவற்றில் 20 மட்டும் சந்தைக்குப் போகுமானால் மற்ற 280-க்கும் ஆன பருத்தி வீண். தைக்கும் பெண்களின் பிழைப்பு என்னாவது என்பார்கள். கெட்டியான துணியில், அடியில் பட்டி வைத்து, ஓரத்தை மடித்து இரட்டைத் தையல் போட்டு, காது சேரும் இடத்தில் சதுரமாகக் குறுக்குத் தையல் அடித்த பைக்கு வேலையும் அதிகம், கூலியும் அதிகம் கேட்கலாம். பெயர் இல்லாமல் ஓரத்தில் சின்னதாக ஒரு பூ மட்டும் இருந்தால் யாரும் எங்கும் எடுத்துப் போவார்கள். விருந்தாளிகள் ஏற்கெனவே பை வைத்திருக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொண்டு, தேங்காயையும் வெற்றிலை பாக்கையும் கையிலேயே கொடுப்பது இன்னும் நல்லது. நம் பாட்டிமார் அதை முந்தானையில்தான் வாங்கி முடிந்துகொண்டார்கள்.

மூங்கில் பிரஷ், செம்பு பாட்டில், ஸ்டீல் ஸ்ட்ரா எல்லாவற்றுக்கும் இதே கேள்விதான்: வீட்டில் இருப்பது தேய்ந்துவிட்டதா, இல்லை சலித்துவிட்டதா? அலமாரியில் இருக்கும் சட்டைகளுக்கும் அதுவே, அங்கே கணக்கு இன்னும் பெரியது. ஆணியில் தொங்குவதை இறக்கி, காது பிய்ந்ததைத் தெருமுனைத் தையற்கடையில் கொடுத்தால் சில ரூபாயில் புதுக் காது வைத்துத் தருவார்கள். நல்லதாக இரண்டை மடித்து ஒன்றை வண்டியின் சீட்டுக்கு அடியிலும் மற்றதை அலுவலகப் பைக்குள்ளும் வைத்துக்கொள்ளலாம். மீதியைக் காய்கறித் தள்ளுவண்டிக்காரரிடம் கொடுத்தால் பை கொண்டுவராத வாடிக்கையாளருக்கு அவர் கொடுப்பார். அடுத்த கல்யாணத்தில் ஒருவர் பையை நீட்டும்போது, தேங்காயை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.