ரத்தத்தில் ஏடிஏ கூடினால் டிபிதானா?

இரண்டு வாரம் தாண்டிய இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை இறக்கம். கொள்ளேகாலத்திலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையிலுள்ள கௌதள்ளியானாலும் சென்னையானாலும், ரத்தம் சோதித்தால் டிபியா என்று தெரிந்துவிடும் என்பதே பலரின் நினைப்பு. ரிப்போர்ட்டில் ஏடிஏ என்ற வரி இருந்துவிட்டால் குழப்பம் கூடும்.

ஏடிஏ என்பது அடினோசின் டீஅமினேஸ் என்ற நொதி. அதைத் தருவது கிருமியல்ல, நம் உடம்பு. லிம்போசைட் வெள்ளணுக்கள் பெருக இது வேண்டும். பிறவியிலேயே இது இல்லாத குழந்தைகளுக்கு நோய் எதிர்ப்பாற்றல் அநேகமாக இருப்பதில்லை. காசநோய்க் கிருமி நுரையீரலுக்குள் புகுந்ததும் மேக்ரோஃபேஜ் செல்கள் அதை விழுங்கும். ஆனால் எளிதில் கொல்ல முடியாது. டி செல்கள் வந்து இன்டர்ஃபெரான் காமாவைச் சுரந்து உசுப்பினால்தான் அவற்றுக்கு வலு வரும். இந்த அமளியில் ஏடிஏ ஏறுகிறது. உள்ளே சண்டை நடக்கிறது என்று சொல்லும் அந்த எண், எதிரியின் பெயரைச் சொல்லாது. டைபாய்டு, முடக்குவாதம், கல்லீரல் நோய், நிணநீர்ப் புற்றுநோய் எதிலும் அது ஏறலாம்.

நுரையீரல் உறையில் நீர் கோத்திருந்தால் நிலைமை வேறு. அந்த நீரில் ஏடிஏ லிட்டருக்கு 40 யூனிட்டைத் தாண்டினால், டிபி மலிந்த நம் நாட்டில் மருத்துவர் அதைப் பெரிதாகவே எடுத்துக்கொள்வார். ரத்தத்தில் அதே எண்ணுக்கு அந்த மதிப்பு கிடையாது.

ரத்தத்தில் எதிர்ப்பொருள் தேடும் டிபி சோதனைகளை உலக சுகாதார நிறுவனம் 2011இல் வேண்டாமென்றது. இந்தியா 2012இல் தடையே செய்தது. நுரையீரல் டிபிக்குச் சளிதான் சாட்சி. சிபிநாட், கோவாவில் தயாராகும் ட்ரூநாட் கருவிகள் அதில் கிருமியின் மரபணுவையும் ரிஃபாம்பிசின் மருந்து எடுபடுமா என்பதையும் சில மணி நேரத்தில் காட்டிவிடும். அரசு மையங்களில் இது இலவசம்.

ரத்த நொதிகள் உண்மையிலேயே உதவுவது டிபி மாத்திரை தொடங்கிய பிறகு. அதற்கும் ஒரு பின்னணி உண்டு. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கியது. வீட்டிலிருந்தே மருந்து எடுத்தாலும் சானடோரியத்தில் இருந்ததற்கு இணையாகக் குணமாகிறது என்று 1959இல் அது நிரூபித்தது. வீட்டில் நர்ஸ் கிடையாது; கண்காணிப்பு நோயாளி தலையில் விழுந்தது. டிபி மருந்துகளான ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட் மூன்றும் கல்லீரலைத் தாக்கக்கூடியவை. ரத்தத்தில் ஏஎல்டி என்ற கல்லீரல் நொதி இயல்பின் உச்சவரம்பைப் போல 5 மடங்கானால், வாந்தியோ மஞ்சள் காமாலையோ இருந்தால் 3 மடங்கிலேயே, மருத்துவர் மருந்தை நிறுத்திவைப்பார். கண் மஞ்சளானால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.