370 கிலோமீட்டருக்கு ஏன் ஒன்றேகால் மணி நேரம்?

தேநீரைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு சின்னதுதான், ஆனால் அவசரப்பட்டால் தப்பாகப் போய்விடும்.

லண்டன் ஹீத்ரோவுக்கும் ஆம்ஸ்டர்டாம் ஸ்கிபோலுக்கும் இடையே நேர்த்தூரம் சுமார் 370 கிலோமீட்டர். ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு 800 கிலோமீட்டர் போகும். வகுத்துப் பார்த்தால் அரை மணிகூட வராது. பயணச்சீட்டிலோ ஒன்றேகால் மணி நேரம், சில சேவைகளில் அதற்கும் மேலே. மீதி நேரம் எங்கே போகிறது?

சீட்டில் உள்ள நேரம் பறக்கும் நேரம் அல்ல. விமானம் தன் நிறுத்தத்தை விட்டு நகர்வதிலிருந்து, அங்கே போய் நிற்கும்வரையான மொத்த நேரம். ஹீத்ரோவில் இரண்டே ஓடுபாதைகள்; புறப்பட வரிசையில் காத்திருக்க வேண்டும். விமானங்கள் எதிர்காற்றில்தான் மேலெழும். லண்டனில் பெரும்பாலும் மேல்காற்று என்பதால் முதலில் மேற்கே கிளம்ப வேண்டியிருக்கும். ஆம்ஸ்டர்டாம் இருப்பதோ கிழக்கே! வளைந்து திரும்பும்போதே 370 என்ற எண் கூடிவிடுகிறது. 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட், அதாவது மணிக்குச் சுமார் 460 கிலோமீட்டர்தான் வேக வரம்பு. இவ்வளவு குறுகிய பயணத்தில் ஏறி முடிப்பதற்குள் இறங்கும் நேரம் வந்துவிடும். முழு வேகத்தில் பறப்பது கொஞ்ச நேரமே.

இறங்கியும் முடிவதில்லை. ஸ்கிபோலில் 2003-இல் திறந்த போல்டர்பான் ஓடுபாதை முனையத்திலிருந்து வெகுதூரம். குடியிருப்புகளுக்குச் சத்தம் குறையட்டும் என்று அங்கே போட்டார்கள். அது நியாயமான முடிவு என்றே நினைக்கிறேன். அதில் இறங்கினால் நெடுஞ்சாலைக்கு மேலுள்ள பாலத்தையும் தாண்டி, தரையிலேயே பத்துப் பதினைந்து நிமிடம் ஊர்ந்து வரவேண்டும். திரும்பும் வழியில், ஹீத்ரோவில் நெரிசல் என்றால் லண்டனுக்கு வடகிழக்கே லாம்போர்ன் வான்பகுதியில் வட்டமடிக்கச் சொல்வார்கள். இந்தத் தாமதங்களையெல்லாம் எதிர்பார்த்துத்தான் விமான நிறுவனங்கள் அட்டவணை போடுகின்றன.

ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் இதற்கு நேர்மாறு. வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு 2.7 கிலோமீட்டர், அட்டவணையில் இரண்டே நிமிடம். காற்று ஒத்துழைத்தால் ஒரு நிமிடத்துக்குள்கூடப் போயிருக்கிறார்கள். சின்ன விமானம், வரிசை கிடையாது, வட்டமடிப்பும் கிடையாது. ஆக, குறுகிய பயணத்தில் நேரத்தைத் தீர்மானிப்பது நடுவிலுள்ள தூரத்தைவிட இரு முனைகளில் உள்ள நெரிசல்தான்.

இன்னொன்று, பலரும் தடுமாறும் இடம். சீட்டில் அந்தந்த ஊர் நேரமே இருக்கும். ஆம்ஸ்டர்டாம் லண்டனைவிட ஒரு மணி நேரம் முன்னால். லண்டனில் 10:00-க்குக் கிளம்பினால் அங்கே 12:15; ஆம்ஸ்டர்டாமில் 10:00-க்குக் கிளம்பினால் லண்டனில் 10:15. போக இரண்டேகால் மணி, வரக் கால்மணி என்று படித்துவிடாதீர்கள்.

நகர நடுவிலிருந்து நகர நடுவுக்கு யூரோஸ்டார் ரயில் சுமார் நான்கு மணி நேரத்தில் போகிறது. விமான நிலையத்துக்குப் போகும் நேரத்தையும் பாதுகாப்புச் சோதனையையும் கூட்டிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு சீட்டு எடுங்கள்.