திரும்பி வராத ரத்தம்

இடது கையை அரை நிமிடம் தொங்கவிடுங்கள். புறங்கையில் பச்சையாகப் புடைத்து வருகின்றனவே, அவைதாம் சிரைகள். (தாத்தா பாட்டி கையில் இன்னும் நன்றாகத் தெரியும். கேட்டுவிட்டுச் செய்யுங்கள்!) ஒரு சிரையை விரல் மூட்டுக்கு அருகே வலது ஆள்காட்டி விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். அதை எடுக்காமல், கட்டை விரலால் அதே சிரையை மணிக்கட்டு வரை நீவிவிட்டுக் கட்டை விரலை மட்டும் எடுங்கள். நீவிய இடம் தட்டையாகவே கிடக்கும். மணிக்கட்டுப் பக்கம் இருக்கும் ரத்தம் திரும்பி வராது. இப்போது ஆள்காட்டி விரலையும் எடுங்கள். சட்டென்று நிரம்பிவிடும்!

சிரைக்குள் சின்னச் சின்ன வால்வுகள் உண்டு. சைக்கிள் டியூப் வால்வு காற்றை உள்ளே மட்டும் விடுவதுபோல, இவை ரத்தத்தை இதயத்தை நோக்கி மட்டும் விடும்.

இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி இதே சோதனையை முழங்கையில் செய்து, 1628-இல் வெளியிட்ட தன் நூலில் படமும் போட்டார். அதுவரை, சாப்பாடு கல்லீரலில் ரத்தமாக மாறுகிறது, உடம்பு அதைச் செலவழித்துவிடுகிறது என்றே மருத்துவர்கள் நம்பினார்கள். ஹார்வி கணக்குப் போட்டார். இன்றைய அளவுகளில் நாமும் போடலாம். பெரியவர் ஒருவரின் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. ஒரு மணி நேரத்துக்கு 300 லிட்டர். அவ்வளவு ரத்தம் செய்ய எத்தனை பானை சோறு வேண்டும்? உடம்பில் இருப்பதே ஏறக்குறைய 5 லிட்டர்தான். ஆக, அதே ரத்தம்தான் சுற்றிச் சுற்றி வருகிறது.

இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய்கள் தமனிகள். ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் வேகமாக மோதுவதால் அவற்றின் சுவர் தடித்தது, விரிந்து சுருங்கக்கூடியது. மணிக்கட்டில் நாடி பிடிக்கும்போது விரலில் தட்டுவது அந்த மோதல்தான். சிரைகளில் அவ்வளவு வேகம் இல்லை, சுவரும் மெல்லியது. அப்படியென்றால் பாதத்து ரத்தம் எப்படி மேலே ஏறுகிறது? நடக்கும்போது கெண்டைக்கால் தசை சிரைகளைப் பிழிந்து மேலே தள்ளுகிறது. வால்வுகள் கீழே இறங்கவிடாமல் தடுக்கின்றன. ஆடாமல் அசையாமல் வெகுநேரம் நின்றால் தசை பிழிவதில்லை, கால் கனப்பது அதனால்தான்.

தமனியிலிருந்து ரத்தம் எந்த வழியாகச் சிரைக்குப் போகிறது? ஹார்வியால் அதைக் காட்ட முடியவில்லை. 1657-இல் இறந்துபோனார். 1661-இல் இத்தாலியின் மார்செல்லோ மால்பிகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் பார்த்தபோது அந்த வழி கண்ணில் பட்டது. அந்த மெல்லிய குழாய்கள்தாம் தந்துகிகள். நம் உடம்பில் பல தந்துகிகள் எவ்வளவு குறுகல் என்றால், ரத்தத்தில் உள்ள சிவப்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக, உடம்பை வளைத்துக்கொண்டுதான் நுழைய முடியும். அப்படி நெருக்கியடித்துப் போகும்போதுதான், மெல்லிய சுவரைத் தாண்டி ஆக்சிஜன் செல்களுக்குப் போய்ச் சேர்கிறது.